புதைத்து வைக்கும் இருவர்: சாம்பல் அணிலும் செந்நரியும்

அணில் கொட்டையைப் புதைத்துவிட்டு இடத்தை மறந்துவிடும், அந்த மறதியில்தான் காடு வளர்கிறது என்று ஒரு கதை உண்டு. நரி கோழிக்கூண்டுக்குள் புகுந்தால் தின்பது ஒன்று, கொன்று போடுவது இருபது, அத்தனை வெறி பிடித்த விலங்கு அது என்று இன்னொரு கதை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெகுகாலமாகப் புழங்கும் இந்த இரண்டு கதைகளும் நம்மிடமும் வந்து சேர்ந்திருக்கின்றன. கடந்த அறுபது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் இந்த விலங்குகளின் பின்னாலேயே அலைந்து சேர்த்த செய்திகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் இரண்டுமே நொண்டுகின்றன. மறதியும் வெறியும் என்று நாம் பெயர் வைத்தவை ஒரே பழக்கத்தோடு தொடர்புள்ளவை: இன்று மிஞ்சியதை நாளைக்கென்று மண்ணில் மறைத்து வைக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றி இதுவரை என்ன தெரிய வந்திருக்கிறது, எதில் இன்னும் வாதம் நடக்கிறது என்பதே இந்தக் கட்டுரை.

யார் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த அணில் நம் முற்றத்தில் முதுகில் மூன்று கோடுகளோடு ஓடுவது அல்ல. வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியைத் தாயகமாகக் கொண்ட சாம்பல் அணில். அரைக் கிலோ எடை, புசுபுசுவென்ற பெரிய வால், மரப்பொந்திலோ இலைகளால் கட்டிய கூட்டிலோ வாசம். அதன் நெருங்கிய உறவான நரி அணிலும் (நரியின் நிறம் இருப்பதால் வந்த பெயர்) இடையிடையே வரும். நரி என்று சொல்வதும் தமிழ்நாட்டுக் காட்டோரத்தில் ஊளையிடும் நரியை அல்ல. செந்நரி இந்தியாவில் தார்ப் பாலைவனத்திலும் லடாக்கிலும் இமயமலைப் பகுதிகளிலும் உண்டு, தமிழ்நாட்டில் இல்லை. ஊனுண்ணிக் காட்டு விலங்குகளில் பூமியில் மிக அகலமாகப் பரவியிருப்பது அதுதான். ஏறக்குறைய 7 கோடி சதுர கிலோமீட்டர் பரப்பு அதன் வசம். எடையில் அணிலைப் போலப் பத்து மடங்கு அல்லது அதற்கும் மேல்.

இரண்டுக்கும் பொதுவான மூதாதை டைனோசர்கள் உலவிய காலத்தைச் சேர்ந்தது. ஒன்று பருப்பு தின்னும் கொறிணி, மற்றது எலியும் முட்டையும் முயலும் தின்னும் வேட்டையாடி. ஆனாலும் இரண்டும் குளிர்காலம் முழுவதும் விழித்திருக்கின்றன. கரடியைப் போலக் கொழுப்பேற்றிக்கொண்டு குகையில் முடங்குவதில்லை. பனி கிடக்கும் நாட்களிலும் வயிற்றைக் கவனித்தாக வேண்டும். சேமிப்பின் தேவை அங்கே தொடங்குகிறது.

புதைக்கும் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். கொட்டை கிடைத்ததும் அணில் அதை முன்னங்கால்களில் பிடித்து உருட்டுகிறது, தலையைப் படக்கென்று ஓர் உதறு உதறுகிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லூசியா ஜேக்கப்ஸும் மாணவர்களும் நரி அணில்களின் இந்தத் தலையுதறலைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, அது கொட்டையின் தரத்தை எடைபோடும் செயலாகத் தெரிந்தது. உதறிய கொட்டையை அங்கேயே தின்பதைவிடப் புதைப்பதே அதிகம். பிறகு ஓட்டம், நிறுத்தம், சுற்றிலும் ஒரு பார்வை. முன்னங்கால்களால் இரண்டு மூன்று செண்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி. கொட்டையை வாயால் அதில் வைத்து, முன்பற்களால் சுத்தியடிப்பதுபோல் குத்தி இறக்கும். கைகளால் மண்ணை இழுத்து மூடி, தட்டி, மேலே ஓர் உதிர்ந்த இலையை நகர்த்திவிட்டுப் போய்விடும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். குழிக்கு ஒரு கொட்டைதான். ஓர் இலையுதிர்காலத்தில் ஓர் அணில் இப்படி ஆயிரக்கணக்கான குழிகளைத் தோண்டும்.

செந்நரியும் முன்னங்கால்களால்தான் தோண்டுகிறது. குழி கொஞ்சம் ஆழம், சுமார் பத்து செண்டிமீட்டர். வாயில் இருக்கும் எலியையோ முட்டையையோ அதில் வைக்கும். அதற்குப் பிறகு வழி பிரிகிறது. மூடுவதற்குக் கால்களைப் பயன்படுத்துவதே இல்லை. மூக்காலேயே மண்ணைத் தள்ளி மூடி, மூக்காலேயே அழுத்திக் கெட்டிப்படுத்துகிறது. நாய்க் குடும்பத்தின் வழக்கம் இது. வீட்டு நாய் சிமெண்ட் தரையில் எலும்பை வைத்துவிட்டு, இல்லாத மண்ணை மூக்கால் தள்ளித் தள்ளி மூடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இல்லாத மண்ணால் மூடும் அந்தக் காட்சியை ஆய்வுக்கூடத்திலும் கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரிய ஆய்வாளர் ஐரெனேயஸ் ஐப்ல்-ஐபஸ்ஃபெல்ட், ஐரோப்பியச் சிவப்பு அணில் குட்டிகளைத் தனியாக, மண்ணையும் கொட்டையையும் கண்ணில் காட்டாமல், திரவ உணவு கொடுத்து வளர்த்தார். வளர்ந்த பிறகு முதன்முதலாகக் கொட்டை கொடுத்ததும் அவை கூண்டின் மூலைக்குப் போய், வெறும் தரையைச் சுரண்டி, கொட்டையை வைத்து, குத்தி, மூடி, தட்டின. வேலை ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் வரிசை மாறவில்லை. கை அசைவு பிறவியில் வருவது என்பதில் பெரிய வாதம் இல்லை. எதை, எங்கே, எத்தனை தூரத்தில், யார் பார்க்கும்போது புதைப்பது என்பவைதான் கேள்விகள்.

ஏன் சிதறடிக்க வேண்டும்?

சேமிப்பவர் எல்லாரும் இப்படிச் செய்வதில்லை. கனடாவின் ஊசியிலைக் காட்டில் வாழும் அமெரிக்கச் சிவப்பு அணில் கூம்புகளை ஒரே இடத்தில் மலையாகக் குவித்துவிட்டு, அந்தக் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் கத்தி விரட்டும். ஒரே களஞ்சியம், ஒரே காவல்காரர். காவல் காக்க முடிகிறவரை இது நல்ல ஏற்பாடு. சாம்பல் அணில்களின் நடமாட்ட எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. ஒரு மரத்தடிக்குப் பத்து அணில் வரும். செந்நரியின் எல்லை ஒரு மேட்டில் நின்று காவல் காக்கக்கூடிய அளவில் இருப்பதில்லை. காவல் முடியாதபோது பணத்தை ஒரே பானையில் வைக்கக்கூடாது.

இதைச் சோதனையாக்கிக் காட்டியவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நிகோ டின்பெர்கன். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் ரேவன்கிளாஸ் மணல்மேடுகளில் கருந்தலைக் கடற்காகங்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். அங்கே இரவில் வரும் நரிகளின் காலடித் தடங்களை விடிகாலையில் மணலில் வாசிப்பது அவருடைய குழுவின் வேலையாக இருந்தது. நரி எங்கே நின்றது, எந்தக் கூட்டில் முட்டை எடுத்தது, எங்கே தோண்டியது எல்லாம் மணலில் பதிவாகியிருக்கும். முட்டைகள் ஒன்றொன்றாக, தனித்தனிக் குழிகளில், இடைவெளி விட்டுப் புதைக்கப்பட்டிருந்தன. பல முட்டைகள் வாரங்கள் கழித்து, பறவைகள் குடியிருப்பைக் காலிசெய்த பிறகு தோண்டி எடுக்கப்பட்டன. 1965இல் இதை வெளியிட்டார். இடைவெளிக்குப் பயன் உண்டா என்று பார்க்க, 1967இல் வெளியான இன்னொரு சோதனையில் நிறம் பூசி மறைத்த முட்டைகளைச் சில இடங்களில் நெருக்கமாகவும் சில இடங்களில் பரவலாகவும் வைத்து, காக்கைகளுக்கு விட்டார். நெருக்கமாக இருந்தவை வேகமாகப் பறிபோயின. ஒன்றைக் கண்டுபிடித்த காக்கை அதன் அக்கம்பக்கத்தைத் துழாவும். பக்கத்தில் எதுவும் இல்லாவிட்டால் கைவிட்டுப் போய்விடும்.

பத்தாண்டு கழித்து அமெரிக்காவின் கேன்சஸில் மார்ட்டின் ஸ்டபேனியனும் கிறிஸ்டோபர் ஸ்மித்தும் நரி அணிலையும் கருப்பு வால்நட்டையும் வைத்து இதே கேள்வியைக் கணக்காகவே போட்டார்கள். இடைவெளி கூடினால் திருட்டு குறையும், ஆனால் சுமக்கும் தூரமும் கூடும். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் அணில் நிற்க வேண்டும். மணல்மேட்டு நரிக்கும் வால்நட் தோப்பு அணிலுக்கும் ஒரே சூத்திரம் பொருந்துகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த சங்கதி இதுதான்: இரண்டு ஆய்வுகளிலும் சேமிக்கும் விலங்கின் குணத்தைவிடத் திருடும் விலங்கின் குணமே கணக்கைத் தீர்மானித்தது.

ஆனால் ஒரு பெரிய வாதம் இங்கே இருக்கிறது. மால்டே ஆண்டர்சனும் ஜான் கிரெப்ஸும் 1978இல் சொன்னது: சேமிக்கும் பழக்கம் பரிணாமத்தில் நிலைக்க வேண்டுமானால், சேமித்தவருக்கே அந்த உணவு மற்றவரைவிட அதிகம் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உழைக்காமல் திருடித் தின்பவர்கள் பெருகி, உழைப்பவர்கள் அழிவார்கள். மறுக்க முடியாத தர்க்கம். ஆனால் ஸ்டீபன் வாண்டர் வாலும் ஸ்டீபன் ஜென்கின்ஸும் 2003இல் கள ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சிதறிப் பதுக்கும் விலங்குகளின் குழிகளிலிருந்து ஒரு நாளில் 2 முதல் 30 சதவீதம் வரை திருட்டுப் போவது தெரிந்தது. அந்த வேகத்தில் போனால் பனிக்காலம் வரும்போது எதுவும் மிஞ்சாது. அவர்கள் சொன்ன விளக்கம்: எல்லாரும் எல்லாரிடமும் திருடுகிறார்கள். என்னுடையதை நீ எடுத்தாய், உன்னுடையதை நான் எடுத்தேன், எடுத்ததில் பாதியை மறுபடி புதைத்தோம், மொத்தத்தில் கணக்கு ஒருவாறு நேராகிறது. கொட்டை தின்னும் கூட்டத்துக்கு இந்த விளக்கம் ஓரளவு பொருந்துகிறது, ஏனென்றால் கொட்டை கைமாறினாலும் கெடுவதில்லை. நரிக்கு இதை நீட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. நரியிடம் திருடுவது இன்னொரு நரி மட்டுமல்ல. காக்கையும் வளைக்கரடியும் புதைத்து வைத்துத் திருப்பித் தரப்போவதில்லை.

மறதியா, நினைவா?

சேமித்தவருக்குத் தன் குழி நினைவிருந்தால் ஆண்டர்சன்–கிரெப்ஸ் நிபந்தனை நிறைவேறிவிடும். அதனால் மறதிக் கதையைச் சோதித்தே ஆக வேண்டியிருந்தது. நீண்ட காலம் பலரும் நம்பியது, அணில் மோப்பத்தால் எந்தக் கொட்டையையும் கண்டுபிடிக்கும், நினைவுக்கு வேலையே இல்லை என்பது. ஈர மண்ணில் புதைந்த கொட்டையின் வாசம் அணிலுக்கு நன்றாகவே எட்டும் என்பதும் உண்மைதான்.

1991இல் ஜேக்கப்ஸும் எமிலி லைமனும் வெளியிட்ட சோதனை எளிமையானது. கையில் வளர்த்த சாம்பல் அணில்களை ஒவ்வொன்றாகத் திறந்தவெளி அடைப்பு ஒன்றுக்குள் விட்டு, பத்து ஹேசல் கொட்டைகளைப் புதைக்க வைத்தார்கள். கொட்டைகளை எடுத்துவிட்டு இடங்களைக் குறித்துக்கொண்டார்கள். இரண்டு, நான்கு அல்லது பன்னிரண்டு நாள் கழித்து, அந்த அணிலின் பத்து இடங்களிலும் மற்ற அணில்கள் பயன்படுத்திய பத்து இடங்களிலும் புதிய கொட்டைகளை வைத்து மறுபடி உள்ளே விட்டார்கள். மோப்பம் மட்டுமே என்றால் இரண்டு வகை இடங்களிலும் சமமாகத் தோண்டியிருக்க வேண்டும். அணில்கள் தாங்கள் புதைத்த இடங்களிலிருந்து அதிகமாக எடுத்தன, பன்னிரண்டு நாளுக்குப் பிறகும்.

நரிக்கு இதைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே செய்திருந்தார் ஆக்ஸ்ஃபோர்டின் டேவிட் மெக்டொனால்ட். நிஃப் என்ற பெண் நரிக்குட்டியை வளர்த்து, கயிறு கட்டி நடத்திக்கொண்டு போய், அது எலிகளைப் புதைக்கும் இடங்களைக் குறித்துக்கொள்வார். பிறகு அந்தக் குழிகளுக்குச் சில அடி தள்ளித் தாமும் எலிகளைப் புதைத்து வைப்பார். நிஃப் தன் குழிகளுக்கு நேராகப் போய் ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்தது, அவர் புதைத்தவற்றைப் பெரும்பாலும் தவறவிட்டது. மோப்பத்துக்குப் பெயர் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு, சில அடி தூரத்தில் இருந்த எலியை மோந்து பிடிக்கவில்லை. நன்றாக மூடிய மண் நம்ப முடியாத அளவுக்கு வாசத்தை அடைத்துவிடுகிறது. சோதனைக்கு ஒரே நரிதானே என்று ஆட்சேபிக்கலாம், ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் அணில் சோதனை வேறு கண்டத்தில், வேறு விலங்கில், வேறு முறையில் அதே பதிலைச் சொன்ன பிறகு அந்த ஒற்றை நரியின் சாட்சிக்கு எடை கூடியிருக்கிறது.

நினைவைச் சிக்கனமாக்கும் உத்திகளும் இருக்கின்றன. பெர்க்லி வளாகத்தில் மிகேல் டெல்காடோவும் ஜேக்கப்ஸும் நரி அணில்களுக்குப் பாதாம், பெக்கான், ஹேசல், வால்நட் என்று நான்கு வகைக் கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, அவை புதைத்த இடங்களைப் பதிவுசெய்தார்கள். 2017இல் வந்த முடிவு: ஒரே இடத்தில் இருந்து வாங்கிய அணில்கள் கொட்டைகளை வகைவாரியாகப் பிரித்து, வகைக்கு ஒரு பக்கமாகப் புதைத்தன. நரியிடம் இருப்பது வேறு உத்தி. கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தில், பிரின்ஸ் ஆல்பர்ட் தேசியப் பூங்காவில் ஜே. டேவிட் ஹென்றி நரிகளின் பின்னாலேயே நடந்து கவனித்தார். உணவு தீர்ந்த, ஆனால் உணவு வாசம் மிச்சமிருக்கும் இடங்களில் நரி சிறுநீர் தெளித்துவிட்டுப் போகிறது. அடுத்த முறை அந்த வழியாக வரும்போது அந்த வாசத்தை மோந்ததும் நேரம் செலவழிக்காமல் கடந்துவிடுகிறது. ஹென்றி உணவு வாசமும் சிறுநீரும் வைத்துச் சோதித்தும் பார்த்தார். 1977இல் இதை அவர் கணக்குப் புத்தகம் என்று வர்ணித்தார். இருப்பு இருக்கும் இடத்துக்குக் குறி இல்லை, காலியான இடத்துக்குத்தான் குறி. திருடனுக்கு உதவாத கணக்குப் புத்தகம்.

ஆக, அணில் மறந்ததால் மரம் முளைக்கிறது என்பதைத் திருத்திச் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் புதைத்ததாலும், புதைத்த அணில் பருந்துக்கோ காருக்கோ பலியானதாலும், அந்த ஆண்டு மரங்கள் ஒட்டுமொத்தமாகக் கொட்டித் தீர்த்ததாலும் முளைப்பவை ஏராளம். மறதிக்கும் பங்கு இருக்கலாம், முதல் இடம் கிடையாது.

உயிருள்ள சரக்கும் உயிரற்ற சரக்கும்

இரண்டு விலங்குகளும் எங்கே அடிப்படையில் வேறுபடுகின்றன என்றால், புதைக்கும் பொருளில். நரி புதைப்பது செத்த உடல். புதைத்த நொடியிலிருந்து அழுகத் தொடங்கிவிடும். குளிர்ந்த மண் கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவுதான். பெரும்பாலும் சில நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும். முட்டை மட்டும் விலக்கு: ஓடும், கிருமிகளைத் தடுக்கும் வெள்ளைக் கருவும் சேர்ந்து அதை வாரக்கணக்கில் காக்கின்றன. செந்நரியின் வடதுருவ உறவான பனிநரி, கனடாவின் காரக் ஏரிப் பகுதியில் பனிவாத்து முட்டைகளைப் புதைத்து அடுத்த வசந்தம் வரை தின்கிறது, அங்கே மண்ணே குளிர்பெட்டி.

அணில் புதைப்பது உயிருள்ள விதை. அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். அழுகல் இங்கே இரண்டாம் பட்சம், முளைப்பதுதான் ஆபத்து. முளைவிட்ட கொட்டையிலிருந்து சத்து வேருக்குள் இறங்கிவிடும், மண்ணுக்குள் இறங்கிய வேரை அணில் தின்பதில்லை. அமெரிக்கக் கிழக்குக் காடுகளில் ஓக் மரங்கள் இரண்டு பெரும் கூட்டமாகப் பிரிகின்றன. சிவப்பு ஓக் கூட்டத்தின் கொட்டைகள் பனிக்காலம் முழுக்க உறங்கி, வசந்தத்தில்தான் முளைக்கும். டானின் அதிகம், துவர்க்கும், ஆனால் கொழுப்பும் அதிகம். வெள்ளை ஓக் கொட்டைகள் துவர்ப்புக் குறைந்தவை, மரத்திலிருந்து விழுந்த அதே இலையுதிர்காலத்தில் வேர் விட்டுவிடும். சாம்பல் அணில் வெள்ளை ஓக்கைக் கண்டால் பெரும்பாலும் அங்கேயே தின்கிறது, சிவப்பு ஓக்கைக் கொண்டுபோய்ப் புதைக்கிறது. புழு விழுந்த கொட்டையையும் வைத்திருப்பதில்லை, புழுவோடு சேர்த்து உடனே தின்றுவிடுகிறது.

இதையெல்லாம் மிஞ்சும் ஒரு வேலை உண்டு. சில நேரம் வெள்ளை ஓக் கொட்டையையும் புதைக்க வேண்டியிருக்கும்போது, அணில் அதன் கூர்முனையில் இருக்கும் முளைக்கருவை முன்பற்களால் தோண்டி எடுத்துவிட்டுப் புதைக்கிறது. கொட்டை செத்துவிடும், முளைக்காது, பருப்பு பல மாதம் கெடாமல் இருக்கும். 1982இல் இது விரிவாக எழுதப்பட்டது. பென்சில்வேனியாவின் வில்க்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டீலும் கூட்டாளிகளும் இதைப் பல ஆண்டு தொடர்ந்தார்கள். ஓக் கொட்டையையே பார்த்திராத, அடைப்பில் வளர்ந்த அணில்களிடம் கொடுத்தபோது அவை சிவப்பு ஓக்கைப் புதைக்கத் தேர்ந்தெடுத்தன. வெள்ளை ஓக்கின் முளைக்கருவை எடுக்கவும் முயன்றன, ஆனால் பல முறை சரியாக வரவில்லை. நாட்டம் பிறவியில் வருகிறது, கைப்பக்குவம் பழகப் பழக வருகிறது.

நரியிடம் இதற்கு ஈடான எதுவும் இல்லை. இருக்கவும் வழியில்லை, செத்த எலியை இன்னும் சாகடிப்பது எப்படி? அணில் கெட்டிக்காரத்தனமானது, நரி அந்த அளவுக்கு இல்லை என்று இதற்குப் பொருள் கொள்வது அபத்தம். சரக்கு வேறு, அதனால் தொழில்நுட்பம் வேறு.

கோழிக்கூண்டுக் கதைக்கும் இங்கேதான் வர வேண்டும். ரேவன்கிளாஸில் டின்பெர்கனின் மாணவர் ஹான்ஸ் க்ரூக், நரிகள் மிக இருட்டான இரவுகளில் கடற்காகங்களை ஏராளமாகக் கொன்று போட்டிருப்பதைக் கண்டார். இருட்டில் அந்தப் பறவைகள் எழுந்து பறப்பதில்லை, தரையிலேயே கிடக்கும். 1972இல் அவர் எழுதிய விளக்கம்: பசி அடங்கினால் நரி இரை தேடி அலைவதை நிறுத்துகிறது, ஆனால் இரை எதிரிலேயே தப்பாமல் நின்றால் பாய்ந்து கொல்லும் செயலைப் பசியின் அடக்கம் தடுப்பதில்லை. கோழிக்கூண்டும் அப்படித்தான், கதவு மூடிய அறையில் கோழிகளுக்குப் போக இடமில்லை. காட்டில் இப்படி ஒரு வாய்ப்பு அபூர்வமாகவே வரும். வரும்போது பிடித்து, புதைத்து வைப்பது லாபம். நியூஃபவுண்ட்லாந்து அருகே பக்காலியூ தீவில், லீச் பெட்ரல் என்ற சிறு கடற்பறவைகள் லட்சக்கணக்கில் கூடும் இடத்தில், செந்நரிகள் பறவைகளைப் பிடித்துப் புதைத்து வைப்பதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். சேமிப்பு ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ரேவன்கிளாஸில் கொல்லப்பட்ட பறவைகளில் பல புதைக்கப்படவே இல்லை. ஆனால் பண்ணைக்காரர் விளக்கோடு ஓடிவரும்போது நரி செய்துமுடித்திருப்பது வேலையின் முதல் பாதியை மட்டும் என்பதையும் தள்ளிவிட முடியாது. பழக்கம் தறிகெட்டுப் போவதும் உண்டு. 2020இல் பெர்லினின் ஸேலண்டார்ஃப் பகுதியில் காணாமல் போன நூற்றுக்கும் மேற்பட்ட காலணிகள் ஒரு நரியின் குவியலில் அகப்பட்டன. செருப்புக்கு எந்த மாமிசக் கணக்கும் பொருந்தாது.

பயமே பூட்டு

திருடர்களிடமிருந்து காக்க அணிலுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. பிற அணில்கள் பார்க்கும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு புதைக்கும். சில சமயம் குழி தோண்டி, எதையும் வைக்காமலே மூடிவிட்டு, கொட்டையை வாயில் வைத்தபடியே வேறிடம் போகும். ஸ்டீலின் குழு 2008இல் இதை வெளியிட்டது. மாணவர்கள் அணில்களின் குழிகளைத் தோண்டித் திருடத் தொடங்கியதும் இந்தப் போலிப் புதைப்புகள் கூடின. ஏமாற்ற வேண்டும் என்று அணில் நினைக்கிறதா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. பார்ப்பவர் ஏமாறுகிறார் என்பது போதும்.

சுவையான முடிவு பின்னால் வந்தது. மரக்கிளைகளின் நிழலில், தப்பி ஓட வசதியான இடத்தில் புதைப்பதுதான் அணிலுக்குப் பாதுகாப்பு. 1985இல் ஸ்டீவன் லைமாவும் கூட்டாளிகளும் செய்த சோதனையிலும், சாம்பல் அணில்கள் பெரிய துண்டுத் தின்பண்டம் கிடைத்தால் அதை மரத்தடிக்குத் தூக்கிப் போய்த் தின்றன, வெட்டவெளியில் உட்கார்ந்து தின்னும் அபாயத்தைத் தவிர்த்தன. ஆனால் புதைக்கும்போது கணக்கு தலைகீழாகிறது. ஸ்டீல் குழு காட்டியது: விரும்பத்தக்க கொட்டைகளை அணில்கள் கிளை நிழலுக்கு வெளியே, வெட்டவெளிக்குக் கொண்டுபோய்ப் புதைக்கின்றன. பருந்து வட்டமிடும், நரியும் நாயும் வரும் இடம் அது. மற்ற கொறிணிகளுக்கு அங்கே நின்று தோண்டித் துழாவப் பயம். அதனால் அங்கே புதைந்த கொட்டை நீண்ட நாள் பிழைக்கிறது. உயிரைப் பணயம் வைத்து ஓடி ஒரு நிமிடம் புதைத்துவிட்டால், பிறகு காவல் காப்பது வேட்டை விலங்குகளின் பெயர்தான். அணிலும் நரியும் ஒரே பழக்கத்தைத் தனித்தனியாகக் கண்டுபிடித்ததோடு இந்தக் கதை நிற்கவில்லை. நரி உலவும் இடமே அணிலின் பெட்டகமாகிறது. வெட்டவெளியில் முளைக்கும் ஓக் கன்றுக்கு வெளிச்சமும் கிடைக்கிறது, அதனால் காட்டின் விளிம்பு எங்கே நகர்கிறது என்பதிலும் இந்தப் பயத்துக்குக் கை உண்டு.

இந்த ஏற்பாடு அதன் சொந்த மண்ணில் நெடுங்காலம் உருவானது. இடம்மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பா சாட்சி. 1876இல் இங்கிலாந்தின் செஷயரில் ஹென்பரி தோட்டத்தில் விடப்பட்டதில் தொடங்கி, சாம்பல் அணில் பிரிட்டனின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. உள்ளூர்ச் சிவப்பு அணில் பின்வாங்கியதற்குச் சாம்பல் அணில் சுமந்துவரும் அம்மை வைரஸ் ஒரு காரணம். ஓக் கொட்டையின் நஞ்சைச் சாம்பல் அணில் நன்றாகச் செரிக்கும், சிவப்பு அணிலால் அந்த அளவுக்கு முடியாது என்று 1993இல் காட்டினார்கள். மூன்றாவது காரணம் நம் கட்டுரைக்குள்ளேயே வருகிறது. இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் லூக் வாட்டர்ஸும் கூட்டாளிகளும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சாம்பல் அணில்கள் சிவப்பு அணில்களின் பதுக்கல்களைத் தோண்டி எடுப்பது தெரிந்தது. சாம்பல் அணில் இருக்கும் காடுகளில் சிவப்பு அணில்களின் வசந்தகால உடல் எடை குறைந்திருந்தது. கொடுக்கல் வாங்கல் சமமாகும் என்ற வாண்டர் வாலின் கணக்கு ஒரே இனத்துக்குள் ஒருவேளை நேராகலாம். பெரிய உடலும் வலுவான செரிமானமும் கொண்ட அந்நியன் திருடனாக வந்து சேர்ந்தால் நேராகாது.

பிரிட்டனில் செந்நரிக்குப் பஞ்சமில்லை, லண்டன் தெருவிலும் பிரிஸ்டல் தோட்டங்களிலும் உலவுகிறது. ஆனாலும் அது சாம்பல் அணிலைக் கட்டுப்படுத்தவில்லை. நரிக்கு அணில் அகப்படுவது தரையில், புதைக்கும் அல்லது தோண்டும் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும்தான். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் செய்த ஆய்வுகளில், சாம்பல் அணில்களைக் குறைத்து சிவப்பு அணில்களுக்கு இடம் கொடுப்பது மரமேறும் பைன் மார்ட்டன் என்ற கீரியளவு விலங்கு என்று தெரிகிறது. இப்போது அந்த விலங்கைக் காடுகளுக்குத் திருப்பிக் கொண்டுவரும் வேலை வேல்ஸிலும் இங்கிலாந்திலும் நடக்கிறது.